வங்கி எடுத்த பணத்தைக் கேட்டு வாங்க ஒரு மேசை போடுங்கள்: பிரித்தானியத் தமிழ் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆலய அறங்காவலர்களே, தமிழ்ப் பாடசாலை நிர்வாகிகளே, பழைய மாணவர் சங்கங்களையும் ஊர்ச் சங்கங்களையும் நடத்தி வருகிறவர்களே,

வணக்கம். உங்களிடம் நான் கேட்பது ஒரு மேசையும் சில நாற்காலிகளும்தான். மாதத்தில் ஒரு நாள், பூசை முடிந்த பிறகோ சனிக்கிழமை வகுப்பு நடக்கும் நேரத்திலோ, உங்கள் மண்டபத்தின் ஒரு மூலையில் அந்த மேசை இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் கடிதம் எழுதப் பழகிய ஒருவர் அங்கே அமர்ந்து, வங்கியோ வேறு நிறுவனமோ நியாயமில்லாமல் எடுத்துக்கொண்ட பணத்தைத் திருப்பிக் கேட்க நம்மவர்களுக்கு உதவ வேண்டும். இது ஏன் அவசியம் என்று சொல்வதற்கு, இந்த நாட்டில் ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்னர் நடந்த ஒரு பெரிய வழக்கையும் அதற்கு முன்னால் நடந்த ஆயிரக்கணக்கான சிறிய வழக்குகளையும் பற்றிப் பேச வேண்டும்.

2000களின் நடுப்பகுதியில் இங்கே கணக்கு வைத்திருந்த எவரும் அந்தக் கட்டணங்களை மறந்திருக்க மாட்டார்கள். கணக்கில் பணம் போதாத நாளில் ஒரு டைரக்ட் டெபிட் (கணக்கிலிருந்து தானாகக் கழியும் கொடுப்பனவு) வந்துவிட்டால் வங்கி அதைத் திருப்பி அனுப்பும். அனுப்பியதற்கு முப்பது பவுணோ அதற்கு மேலோ கட்டணம் எடுக்கும். திருப்பாமல் செலுத்தினாலும் கட்டணம் உண்டு. அனுமதியில்லாமல் மேலதிகப் பற்றுக்குள் (ஓவர்டிராஃப்ட்) போனதற்கு இன்னொரு கட்டணம். திரும்பிப் போனது ஆறு பவுண் காப்புறுதித் தவணையாக இருக்கலாம். தண்டம் அதைப்போல ஐந்து ஆறு மடங்கு. கொடுமை அதோடு நிற்கவில்லை. எடுத்த கட்டணமே கணக்கை மறுபடியும் கீழே தள்ளும். அடுத்த மாதம் சம்பளம் வருவதற்குள் இன்னொரு கொடுப்பனவு திரும்பும், அதற்கும் ஒரு கட்டணம் விழும். ஒரு மாதத் தடுமாற்றம் ஒரு வருடக் கடனாக மாறிய வங்கிக் கூற்றுகளை நான் பார்த்திருக்கிறேன். வட லண்டனில் சிறு கடைகளுக்குக் கணக்கெழுதுவது என் தொழில். கடைக்காரர்கள் தங்கள் வீட்டுக் கூற்றுகளையும் கடைக் கூற்றுகளோடு ஒரே பையில் போட்டுக் கொண்டுவருவார்கள்.

நுகர்வோர் நலனைக் கவனித்த அரச அமைப்பான நியாய வணிக அலுவலகம் பின்னர் செய்த ஆய்வின்படி, 2006ஆம் ஆண்டில் மட்டும் இந்தக் கட்டணங்களால் வங்கிகளுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 2.6 பில்லியன் பவுண். ஒரு கோடியே இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகள் அந்த ஆண்டில் ஒரு தடவையாவது கட்டணம் செலுத்தியிருந்தன. கணக்கில் எப்போதும் பணம் வைத்திருந்தவர்களுக்கு வங்கிச் சேவை இலவசமாகக் கிடைத்தது என்றால், அதன் செலவின் பெரும்பங்கைச் சுமந்தவர்கள் மாதக் கடைசியில் பணம் இல்லாதவர்கள்.

அந்த நேரத்தில்தான் சாதாரண மனிதர்கள் திருப்பிக் கேட்கத் தொடங்கினார்கள். அவர்கள் கையில் இரண்டு வாதங்கள் இருந்தன. ஒன்று, 1915ஆம் ஆண்டு டன்லப் டயர் நிறுவனத்தின் வழக்கிலிருந்து வந்த பழைய பொதுச் சட்டம். ஒப்பந்தத்தை மீறியவரிடம் உண்மையான நட்டத்தின் நேர்மையான மதிப்பீட்டை வாங்கலாம். அச்சுறுத்துவதற்காகப் பெரிய தொகையைத் தண்டமாக வைத்தால் நீதிமன்றம் அதை ஏற்காது. மற்றது, 1999ஆம் ஆண்டின் நுகர்வோர் ஒப்பந்தங்களுக்கான நியாயமற்ற நிபந்தனைகள் ஒழுங்குவிதிகள். கணினி தானாகவே ஒரு கொடுப்பனவைத் திருப்பி அனுப்பி, அச்சடித்த கடிதம் ஒன்றையும் அனுப்புவதற்கு முப்பத்தைந்து பவுண் செலவாகுமா என்பதே கேள்வி. 2006 ஏப்ரலில் நியாய வணிக அலுவலகம், கடன் அட்டைகளின் தவறுகைக் கட்டணம் 12 பவுணுக்கு மேல் இருந்தால் அது நியாயமற்றது என்று கருதப்போவதாக அறிவித்தது. கடன் அட்டைக்குப் பொருந்துகிற நியாயம் வங்கிக் கணக்குக்கும் பொருந்தாதா என்று மக்கள் கேட்டதில் வியப்பில்லை.

வழிமுறையும் எளிமையானது. தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பத்துப் பவுண் கட்டி, ஆறு ஆண்டுக் கூற்றுகளை வங்கியிடமிருந்து எழுதி வாங்குவார்கள். ஆறு ஆண்டு என்பது இங்கே ஒப்பந்த வழக்குகளுக்கான காலவரம்பு. கட்டணங்களைக் கூட்டி, திருப்பித் தருமாறு ஒரு கடிதம் எழுதுவார்கள். மறுப்பு வந்தால் இரண்டாவது கடிதம். அதற்கும் மசியாவிட்டால் கவுண்டி நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவில் வழக்கு. அப்போது அதன் உச்சவரம்பு 5,000 பவுண். வழக்கறிஞர் வேண்டியதில்லை, இணையத்திலேயே படிவத்தை நிரப்பலாம். இணைய வழக்குகளைப் பதிவு செய்த நோர்தாம்டன் நீதிமன்றத்திலிருந்து வழக்கெண் வந்துவிடும். ஆண்டுக்கு எட்டு வீதம் வட்டியும் சேர்த்துக் கேட்பார்கள்.

வங்கிகள் என்ன செய்தன? பெரும்பாலான வழக்குகளில் விசாரணை நாளுக்கு முன்னரே முழுத் தொகையையும் கொடுத்துவிட்டன. உண்மையான செலவு எவ்வளவு என்று நீதிபதி முன்னால் சொல்ல அவை விரும்பவில்லை என்பதே என் எண்ணம். கேட்டவருக்குப் பணம் வந்தது. கேட்காதவருக்கு ஒன்றும் வரவில்லை. ஒரே வங்கி, ஒரே கட்டணம், ஒரே ஆண்டு.

நம்மவர்களைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். எனக்குத் தெரிந்த இரண்டு குடும்பங்கள் ஒரே தெருவில் இருந்தன, ஒரே வங்கியில் கணக்கு வைத்திருந்தன. ஒரு வீட்டில் மகள் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அவள் மாதிரிக் கடிதம் ஒன்றைத் தேடி எடுத்து, அப்பாவின் பெயரில் எழுதி அனுப்பினாள். சில மாதங்களில் ஆயிரம் பவுணுக்கும் மேல் திரும்பி வந்தது. மற்ற வீட்டில் அம்மா அலுவலகங்களைச் சுத்தம் செய்யும் வேலை பார்த்தார். சம்பளம் வெள்ளிக்கிழமை வரும். வாடகையும் மின்சாரமும் அதற்கு முந்திய நாட்களில் கழியும். அந்த இடைவெளியில்தான் வங்கி மாதந்தோறும் அவரைப் பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு வரும் கடிதங்களை வாசித்துச் சொன்னது பன்னிரண்டு வயது மகன். பணம் போதவில்லை, கட்டணம் எடுத்திருக்கிறார்கள் என்று அவன் சொல்வான். நம் பிழைதானே என்று அவர் விட்டுவிடுவார். அவர் இழந்தது முதல் குடும்பம் இழந்ததைவிட அதிகம். திருப்பிக் கேட்கலாம் என்று அவருக்கு எவரும் சொல்லவில்லை. அவர் ஒவ்வொரு செவ்வாயும் கோயிலுக்கு வந்தவர். அவருடைய பிள்ளைகள் சனிக்கிழமை தமிழ் வகுப்புக்கு வந்தவர்கள். அவர் வந்துபோன இடங்கள் எல்லாம் உங்களுடைய இடங்கள். அதனால்தான் இந்த மடல் வங்கிகளுக்குப் போகாமல் உங்களுக்கு வருகிறது.

அந்த ஆண்டுகளில் நம் வீடுகளின் நிலைமை உங்களுக்குத் தெரியும். ஊரில் போர் மீண்டும் மூண்டிருந்தது. கையில் இருந்ததை எல்லாம் ஊருக்கு அனுப்பிய காலம் அது. சீட்டுக் கட்டும் நாள் ஒன்று, வீட்டுக் கடன் கழியும் நாள் ஒன்று, உறவினர் அவசரமாகக் கேட்கும் நாள் இன்னொன்று. மூன்றும் ஒரே வாரத்தில் வந்தால் கணக்கு எங்கே நிற்கும்? அன்று எடுக்கப்பட்ட கட்டணங்களில் எவ்வளவு நம் சமூகத்தின் பணம் என்று எவரும் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணியிருக்க வேண்டும்.

கதவு நெடுநாள் திறந்திருக்கவில்லை. 2007 மே மாதம் பர்மிங்ஹாமில் ஒரு வழக்கு வங்கிக்குச் சாதகமாக முடிந்தது. அதே ஆண்டு ஜூலையில் நியாய வணிக அலுவலகமும் ஏழு வங்கிகளும் ஒரு கட்டட நிதிச் சங்கமும் (பில்டிங் சொசைட்டி) சேர்ந்து, இதற்கு ஒரு மாதிரி வழக்கு, அதாவது முடிவு மற்ற வழக்குகளுக்கும் வழிகாட்டும் வழக்கு, நடத்துவதென்று உடன்பட்டன. அபி நஷனல், பார்க்ளேஸ், கிளைட்ஸ்டேல், எச்.பி.ஓ.எஸ்., எச்.எஸ்.பி.சி., லொயிட்ஸ் டி.எஸ்.பி., ரோயல் பாங்க் ஒஃப் ஸ்கொட்லாந்து ஆகியவை வங்கிகள். நேஷன்வைட் அந்தச் சங்கம். அதைத் தொடர்ந்து நாடெங்கும் கவுண்டி நீதிமன்றங்களில் இருந்த வழக்குகளில் பெரும்பாலானவை நிறுத்தி வைக்கப்பட்டன. முறைப்பாடுகளை இடையில் தீர்க்கத் தேவையில்லை என்று வங்கிகளுக்கு விலக்கும் கிடைத்தது. முந்திக்கொண்டவர்கள் பணத்தோடு வெளியேறியிருந்தார்கள். செய்தி தாமதமாகக் காதில் விழுந்தவர்கள் இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் காத்திருந்தார்கள்.

2008 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி அன்ட்ரூ ஸ்மித், இவை பொதுச் சட்டத்தின்படி தண்டங்கள் ஆகா என்றும், ஆனால் நியாயமானவையா என்று ஒழுங்குவிதிகளின் கீழ் சோதிக்கலாம் என்றும் தீர்ப்பளித்தார். 2009 பெப்ரவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் சோதிக்கலாம் என்றது. 2009 நவம்பர் 25ஆம் திகதி, திறக்கப்பட்டுச் சில வாரங்களே ஆகியிருந்த உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக, இந்தக் கட்டணங்கள் வங்கி வழங்கும் முழுச் சேவைத் தொகுப்பின் விலையில் ஒரு பகுதி என்றார்கள். சேவைக்குப் பொருத்தமான விலைதானா என்ற அளவுகோலால் நியாயத்தை மதிப்பிட ஒழுங்குவிதிகள் இடம் தரவில்லை என்பதே முடிவு. டிசம்பரில் நியாய வணிக அலுவலகம் விசாரணையைக் கைவிட்டது. நிறுத்தி வைத்திருந்த வழக்குகளின் அடித்தளம் போய்விட்டது.

அந்தத் தீர்ப்பை நான் பலமுறை வாசித்திருக்கிறேன். சட்டம் என்ற அளவில் அதன் தர்க்கம் எனக்கு விளங்குகிறது. ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: கட்டணங்கள் நியாயமானவை என்று அந்த நீதிமன்றம் எங்கும் கூறவில்லை. அந்த ஐந்து நீதிபதிகளில் ஒருவரான வோக்கர் பிரபு தம் தீர்ப்பின் முடிவில், வேறு சில ஐரோப்பிய நாடுகள் தங்கள் நுகர்வோருக்குக் கொடுத்த கூடுதல் பாதுகாப்பை இந்த நாடு கொடுக்காமல் விட்டதை நினைவூட்டி, நாடாளுமன்றம் விரும்பினால் அதை மீண்டும் பரிசீலிக்கலாம் என்று எழுதினார். நம்மவர்களிடம் வந்து சேர்ந்த செய்தி வேறு. "வங்கி வென்றுவிட்டது, இனி ஒன்றும் கேட்க முடியாது" என்பதே நம் கடைகளிலும் கோயில் வாசல்களிலும் பேசப்பட்டது. இன்றும் அதையே சொல்கிறார்கள்.

உண்மை என்னவென்றால், அதற்குப் பிறகுதான் விதிகள் மாறின. வங்கிகளின் நடத்தையைக் கண்காணிக்கும் நிதி நடத்தை ஆணையம் நடத்திய ஆய்வில், 2016ஆம் ஆண்டில் அனுமதியற்ற மேலதிகப் பற்றுக் கட்டணங்களில் பாதிக்கும் மேலானதை வாடிக்கையாளர்களில் வெறும் 1.5 வீதத்தினர் செலுத்தியது தெரியவந்தது. சில இடங்களில் அந்தக் கட்டணம், எல்லோரும் திட்டித் தீர்த்த சம்பள நாள் கடனின் (அடுத்த சம்பளம் வரும்வரை அதிகக் கட்டணத்துக்கு வாங்கும் கடன்) கட்டணத்தைவிடப் பத்து மடங்கு அதிகம். வறிய பகுதிகளில் வாழ்பவர்களே இதில் அதிகம் மாட்டினார்கள் என்றும் ஆணையம் கூறியது. 2020 ஏப்ரல் 6 முதல், தனிநபர் கணக்குகளில் மேலதிகப் பற்றுக்கு நிலையான தினக் கட்டணமோ மாதக் கட்டணமோ எடுக்க முடியாது. வட்டி வீதமாகத்தான் எடுக்க வேண்டும். அனுமதி இல்லாத பற்றுக்கு அனுமதி உள்ளதைவிட அதிகமாகவும் எடுக்க முடியாது. கொடுப்பனவு திரும்பினால் எடுக்கும் கட்டணம் உண்மையான செலவோடு நியாயமாகப் பொருந்த வேண்டும். அனுமதியில்லாமல் நூறு பவுண் எடுத்ததற்கு நாளுக்கு ஐந்து பவுண் என்றிருந்தது, இருபது பென்சுக்கும் கீழே வரும் என்று ஆணையம் கணக்கிட்டது. 2006இல் சிறு கோரிக்கை நீதிமன்றப் படிவத்தில் சாதாரண மக்கள் எழுதிய அதே வாதம், செலவுக்கு ஏற்ற கட்டணம் என்ற வாதம், பதினான்கு ஆண்டுகள் கழித்து விதியாகிவிட்டது. கேட்டவர்கள் தோற்றார்கள் என்று இதைப் பார்த்த பிறகு எப்படிச் சொல்வது?

ஆனால் புதிய விதிக்கு ஒரு விலையும் உண்டு. பெரிய வங்கிகள் பல தங்கள் மேலதிகப் பற்று வட்டியை ஆண்டுக்கு ஏறத்தாழ நாற்பது வீதத்துக்கு உயர்த்திவிட்டன. வருடக்கணக்காகப் பற்றின் அடிமட்டத்திலேயே இருப்பவருக்கு இது மெதுவாக உறிஞ்சும் கடன். இன்று நான் பார்க்கும் கூற்றுகளில் பழைய முப்பத்தைந்து பவுண் வரிகள் இல்லை. அவற்றுக்குப் பதிலாக மாதம் தவறாமல் ஒரு வட்டி வரி இருக்கிறது. அதைப் பற்றி முறைப்பாடு செய்யலாம் என்பதே பலருக்குத் தெரியாது. ஒருவர் மேலதிகப் பற்றைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதையும் அவர் பணக் கஷ்டத்தில் இருக்கும் அறிகுறிகளையும் வங்கி தானாகவே கண்டுபிடித்து, அவரோடு பேசி, கடனைக் குறைக்க உதவ வேண்டும் என்று 2019 டிசம்பர் முதல் விதி இருக்கிறது. பல ஆண்டு வட்டியை எடுத்துக்கொண்டு ஒரு வார்த்தைகூடப் பேசாத வங்கியிடம், ஏன் பேசவில்லை என்று கேட்க உரிமை உண்டு. வங்கிக்குப் பதில் சொல்ல எட்டு வாரம். பதில் திருப்தியில்லை என்றால், இறுதிப் பதில் கிடைத்த ஆறு மாதத்துக்குள், வங்கிக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலான தகராறுகளைத் தீர்க்கும் நிதி ஒம்புட்ஸ்மன் சேவைக்கு எழுதலாம். அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. பொதுவாகச் சம்பவம் நடந்து ஆறு ஆண்டுகளுக்குள், அல்லது முறைப்பாட்டுக்குக் காரணம் இருக்கிறது என்று தெரியவந்து மூன்று ஆண்டுகளுக்குள் கேட்க வேண்டும்.

கடைக்காரர்களைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் அதிகம் பார்ப்பது அவர்களைத்தான். மேலே சொன்ன 2020 விதிகள் தனிநபர் கணக்குகளுக்கானவை. கடைக் கணக்கில் வங்கி இன்னமும் பழைய பாணியில் கட்டணம் எடுக்கலாம். மூலைக் கடையும் சிறு உணவகமும் நடத்துகிற நம்மவர்கள், மொத்த வியாபாரிக்குக் கொடுத்த பணம் ஒரு நாள் முந்திக் கழிந்ததற்காகக் கட்டணம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நுகர்வோர் சட்டம் அவர்களைக் காப்பாற்றாது. ஆனால் சிறு தொழில்களும் ஒம்புட்ஸ்மனிடம் போகலாம் என்பதைப் பலர் அறியவில்லை. வங்கி தன் சொந்த விலைப்பட்டியலுக்கு மாறாகக் கட்டணம் எடுத்த கூற்றுகளையும் நான் கண்டிருக்கிறேன். அப்படிப்பட்ட இடத்தில் பெரிய சட்ட வாதம் எதுவும் தேவையில்லை. ஒப்பந்தத்தில் இல்லாத பணத்தை எடுத்திருக்கிறீர்கள், திருப்பித் தாருங்கள் என்று எழுதினால் போதும். தராவிட்டால் அதுதான் சிறு கோரிக்கை நீதிமன்றத்துக்குரிய வழக்கு.

அந்த நீதிமன்றத்தைப் பற்றி நம்மிடையே இருக்கும் பயம் தேவையற்றது என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அதன் உச்சவரம்பு 2013இல் 10,000 பவுணாக உயர்ந்தது. முந்நூறு பவுண் வரையான கோரிக்கைக்கு வழக்குப் பதிவுக் கட்டணம் 35 பவுண். தொகை கூடக் கட்டணமும் கூடும். வருமானம் குறைந்தவர்கள் கட்டணச் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம். தோற்றாலும் எதிராளியின் வழக்கறிஞர் செலவை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை என்பதே பொது விதி. நியாயமற்ற முறையில் நடந்துகொண்டால் மட்டும் விலக்கு. 2024 மே மாதத்திலிருந்து, பணக் கோரிக்கைகளில் விசாரணைக்கு முன்னர் இலவசத் தொலைபேசிச் சமரசப் பேச்சு கட்டாயமாகியிருக்கிறது. ஒரு மணி நேரம், நீதிமன்றத்தின் சமரச அலுவலர் ஒருவர் இரு தரப்போடும் தனித்தனியே பேசுவார். நம்மவர்கள் இதைக் கண்டு அஞ்சுகிறார்கள், தொலைபேசியில் ஆங்கிலம் பேசுவது நேரில் பேசுவதைவிடக் கடினம் என்பதால். அந்த ஒரு மணி நேரத்துக்கு முன்னால் யாராவது அவரோடு உட்கார்ந்து என்ன கேட்பார்கள், என்ன சொல்ல வேண்டும், எந்தத் தொகைக்குக் கீழே இறங்கக் கூடாது என்று பேசிவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

விசாரணை வரை போனால்கூட, வழக்குத் தொடுத்தவர் நேரில் வந்திருக்கும்போது அவருக்காக வழக்கறிஞர் அல்லாத ஒருவர் பேசலாம். 1999ஆம் ஆண்டிலிருந்து இருக்கும் ஏற்பாடு இது. ஒரு மருமகனோ, பாடசாலை ஆசிரியரோ, உங்கள் தொண்டர் ஒருவரோ எழுந்து நின்று அவருடைய கதையை நீதிபதிக்குச் சொல்லலாம். உங்களிடம் படித்தவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பொங்கல் விழாவில் ஒலிவாங்கியைப் பிடித்துச் சரளமாக ஆங்கிலத்தில் வரவேற்புரை சொல்லும் இளைஞர்கள் இல்லாத சங்கம் எது?

நம்மவர்கள் கேட்கத் தயங்குவதற்குக் காரணங்கள் உண்டு. அவற்றைக் குறைவாக மதிப்பிட வேண்டாம். கடன் இருப்பது வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்கிறார்கள். வழக்குப் போட்டால் விசாவுக்கோ குடியுரிமைக்கோ கேடு வரும் என்று பயப்படுகிறார்கள். இது குடியியல் வழக்கு. பணம் கேட்டு வழக்குத் தொடுப்பவர்மேல் குற்றப் பதிவு எதுவும் விழாது. வங்கி கோபித்துக்கொண்டு கணக்கை மூடிவிடும் என்கிறார்கள். அந்த அச்சத்துக்கு ஓரளவு அடிப்படை இருந்தது. அன்று வழக்காடிய சிலரின் கணக்குகள் மூடப்பட்டன. ஆனால் இன்று பெரிய வங்கிகள் கட்டணமில்லாத அடிப்படைக் கணக்கு ஒன்றை வழங்க வேண்டும். அதில் மேலதிகப் பற்றும் இல்லை, கொடுப்பனவு திரும்பினாலும் கட்டணம் இல்லை. மாதந்தோறும் கணக்கு வறண்டு போகிறவருக்கு வழக்கைவிட முதலில் தேவைப்படுவது அந்தக் கணக்குதான். அதை அவருக்கு வங்கிக் கிளையில் எவரும் தாமாகச் சொல்வதாகத் தெரியவில்லை.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. கடனோடு சேர்த்துத் தவறாக விற்ற காப்புறுதிக்கு (பி.பி.ஐ.) வங்கிகள் இழப்பீடு கொடுத்த காலத்தில் தொலைபேசியில் துரத்தித் துரத்தி அழைத்த கோரிக்கை நிறுவனங்களை நினைவிருக்கும். இலவசமாக எழுதக்கூடிய ஒரு கடிதத்துக்குக் கிடைத்த தொகையில் பெரிய பங்கை அவை எடுத்துக்கொண்டன. நம்மவர்களில் பலர் அவற்றுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள், வேறு எவரும் உதவ முன்வராததால். அந்த வெற்றிடம் இன்றும் இருக்கிறது. அதை நிரப்ப உங்களால் முடியும்.

அந்த மேசையில் என்ன நடக்க வேண்டும் என்று என் மனத்தில் உள்ளதைச் சொல்கிறேன். வருகிறவர் தம் கூற்றுகளைக் கொண்டுவருவார். இல்லையென்றால் வங்கியிடம் தரவுக் கோரிக்கை எழுதிக் கொடுக்க வேண்டும். 2018இலிருந்து அதற்குக் கட்டணம் இல்லை, பொதுவாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். கட்டண வரிகளையும் வட்டி வரிகளையும் அவரோடு சேர்ந்து குறிக்க வேண்டும். அவர் சொல்வதைத் தமிழில் கேட்டு, அவர் சொன்னபடியே ஆங்கிலத்தில் எழுதி, திரும்பத் தமிழில் வாசித்துக் காட்டி, அவரே கையெழுத்திட வேண்டும். பிரதி ஒன்று அவர் கையில். எட்டு வாரம் முடியும் திகதியை அதில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதுவே பெரிய உதவி, ஏனென்றால் முறைப்பாடுகள் பெரும்பாலும் இறந்து போவது அந்தக் காத்திருப்பில்தான்.

செய்யக் கூடாதவையும் இருக்கின்றன. எந்தக் கடனை முதலில் கட்டுவது, திவாலாவதா இல்லையா என்ற ஆலோசனை அதற்கு அனுமதி பெற்றவர்களின் வேலை. அப்படி ஒருவர் வந்தால், இலவச ஆலோசனை தரும் ஸ்டெப்சேஞ்ச் அமைப்புக்கோ சிற்றிசன்ஸ் அட்வைஸ் அலுவலகத்துக்கோ அவரோடு கூடச் சென்று விட்டுவர வேண்டும். கடிதத்துக்குப் பணம் வாங்கக் கூடாது. திரும்பி வரும் தொகையில் கோயிலுக்கு ஒரு பங்கு என்ற பேச்சே எழக் கூடாது. தெரியவந்த விவரம் மண்டபத்தை விட்டு வெளியே போகக் கூடாது. போனால் அடுத்த மாதம் ஒருவரும் வரமாட்டார்கள். பழைய கட்டணங்களை எல்லாம் மீட்டுத் தருகிறோம் என்று எவருக்கும் வாக்குக் கொடுக்கவும் கூடாது. 2009 தீர்ப்பு அப்படியே நிற்கிறது. கணக்கில் என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகே பேச வேண்டும்.

கோயில் இதற்கான இடமா என்று சில அறங்காவலர்கள் கேட்டதுண்டு. அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். ஆனால் இந்த நாட்டில் நம் கோயில்கள் ஆரம்பத்திலிருந்தே வழிபாட்டோடு வேறு பலவற்றையும் சுமந்தே வந்திருக்கின்றன. ஊரில் இடம்பெயர்ந்தவர்களுக்கும் அனாதைப் பிள்ளைகளுக்கும் பணம் திரட்டி அனுப்பியவை அவை. புதிதாக வந்திறங்கியவர் வேலையும் அறையும் விசாரித்தது அந்த வாசலில்தான். தேர்த் திருவிழாவுக்கு வருகிற ஆயிரக்கணக்கானவர்களில், மாதக் கடைசியில் வங்கிக் கடிதத்தைப் பிரிக்காமல் அலமாரியில் வைப்பவர்களும் இருக்கிறார்கள். கடன் வெட்கத்தை ஒரு அலுவலக வரவேற்பு மேசையில் சொல்ல அவர்களால் முடியாது. அர்ச்சனைச் சீட்டு வாங்க வந்த இடத்தில், தெரிந்த முகத்திடம், தம் மொழியில் சொல்லக்கூடும்.

நான் என் பங்குக்கு, கட்டண வரிகளைப் பிரித்து எழுதும் பட்டியல் ஒன்றையும், வங்கிக்கும் ஒம்புட்ஸ்மனுக்கும் எழுத வேண்டிய கடிதங்களின் மாதிரியையும் இரு மொழியிலும் தயாரித்து வைத்திருக்கிறேன். கேட்கிற எந்த அமைப்புக்கும் தருகிறேன். முதல் சில மாதங்கள் நானே வந்து உங்கள் தொண்டர்களோடு அமரவும் ஆயத்தமாக இருக்கிறேன். உங்கள் நிர்வாகக் குழுவின் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வைத்துப் பேசுங்கள். ஹரோவிலும் டூட்டிங்கிலும் ஈஸ்ட் ஹாமிலும் லூயிஷமிலும் ஒவ்வொரு மண்டபமாவது முன்வந்தால், அதைப் பார்த்து மற்றவை வரும். எந்த நாள், எந்த நேரம், யார் பொறுப்பு என்ற மூன்றையும் முடிவு செய்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
வட லண்டனில் சிறு கடைகளுக்குக் கணக்கெழுதும் ஒருவர்